பகிர்ந்து வைத்த கல்யாணங்கள்

பிரிஜா வேலைக்குச் சேர்ந்த நாளில் ததேயுஸின் ஸ்டூடியோவில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. குளச்சலில் துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி அது. முன்னறையில் ஆல்பம் வடிவமைப்பவர்கள், நடு அறையில் வீடியோ எடிட்டிங், கடைசியில் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் பிரிண்டர். யாருக்கு எந்தப் படம் வேண்டுமானாலும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அறைக்கு அறை நடக்க வேண்டும். ஒரு கல்யாணம் மூன்று இடத்தில் கிடக்கும். எது திருத்தியது, எது திருத்தாதது என்று எவருக்கும் நிச்சயமில்லை. ஒருமுறை ஒரு வீட்டு மாப்பிள்ளையின் படம் இன்னொரு வீட்டு ஆல்பத்தில் ஏறி, கோட்டாறிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

பிரிஜாவின் வேலை ஆல்பம் பக்கங்கள் அடுக்குவதுதான். ஆனால் அவள் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். குழித்துறைப் பக்கம் ஒரு தையல்காரரின் மகள். படிப்பு முடிந்ததும் திருவனந்தபுரத்தில் ஐடி கம்பெனி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். நெட்வொர்க் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்வாள். இங்கிலீஷில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அழைப்பு வருமென்று காத்திருந்து, வராமல், கடைசியில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஷிஜின் குளச்சல்காரன். கத்தாரில் ஏசி மெக்கானிக். தாலி கட்டின நாற்பதாம் நாள் விமானம் ஏறினவன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போனான். பிள்ளை இல்லை. வீட்டில் மாமியாரும் டிவியும். ஸ்டூடியோ வேலை கிடைத்தபோது, நடந்து போகிற தூரம்தானே என்று மாமியார் சரி சொன்னாள்.

முதல் மழைக்காலத்தில் வேலை குறைந்திருந்த நேரம் பார்த்து அவள் ததேயுஸிடம் கேட்டாள். "அண்ணே, எல்லா சிஸ்டத்தையும் ஒண்ணா கோத்துத் தாறேன். ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சும் கொஞ்சம் கேபிளும் வாங்கித் தந்தா போதும்."

"கோத்தா என்ன ஆவும்?"

"படம் எல்லாம் ஒரே எடத்துல இருக்கும். இருந்த எடத்துல இருந்து எடுத்துக்கலாம். பிரிண்டும் இங்கேருந்தே குடுக்கலாம்."

ததேயுஸ் அறுபதை நெருங்கியவர். ஃபிலிம் கேமரா காலத்து ஆள். அவருக்கு இந்தப் பேச்சு பாதி புரிந்தது. நடக்கிற நடை மிச்சமாகும் என்பது முழுதாகப் புரிந்தது. வாங்கிக் கொடுத்தார்.

சுவரோரம் கேபிள் இழுத்து ஆணியடித்ததும் அவளே. எல்லாவற்றையும் ஒரே குழுவாக்கி, ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்க வேண்டி வந்தபோது, நம்பர் போட்டால் யாருக்கு நினைவிருக்கும் என்று ததேயுஸ் புனிதர்கள் பேரையே வைக்கச் சொன்னார். முன்னறையில் அந்தோணியும் சவேரியாரும். எடிட்டிங்கில் செபஸ்தியார். பிரிண்டரோடு இருந்தது மிக்கேல். எல்லாப் படங்களையும் வீடியோக்களையும் தாங்கப்போகிற பெரிய பெட்டிக்கு சூசை. அன்றிலிருந்து "சூசையக் காணல்லியே", "மிக்கேல் பேப்பர் கேக்காரு" என்று மாடியில் ஒரே சிரிப்பாக இருக்கும்.

அவளுக்கு அது சிரிப்பு மட்டுமில்லை. புத்தகத்தில் படித்தது கண்முன்னால் நடந்தது. ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது வலைக்குள் பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது: நான் வந்துவிட்டேன், என் பேர் இது, என்னிடம் இன்னது இருக்கிறது. அந்தோணிக்கு ஒரு படம் வேண்டுமென்றால் 'சூசை யார்?' என்று எல்லாரையும் பார்த்துக் கேட்கிறது. மற்றவை சும்மா இருக்கின்றன. சூசை மட்டும் 'நான்தான், என் எண் இது' என்கிறது. பிறகு இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எண்களை மாற்றிக் கொடுத்துவிடும், பேர் மாறாது. அதனால் எண்ணை வைத்துத் தேடாமல் பேரை வைத்தே தேடும்படி எல்லாவற்றையும் அமைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், படிப்பு முடித்த பிறகு முதல்தடவையாக, தனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றியது. ஷிஜினுக்குப் போன் செய்து சொன்னாள். "நல்லதுதானே" என்றான் அவன். அவனுக்கு அப்போது அடுத்த ஷிஃப்ட்டுக்கு வண்டி வந்திருந்தது.

சூசைக்கு அவள் கடவுச்சொல் வைத்திருந்தாள். அது ஜனவரி வரைதான் தாங்கியது. கல்யாணம் மேல் கல்யாணமாக வந்த ஒரு நாள் வெளியிலிருந்து வந்த கேமராக்காரர் தன் லேப்டாப்பைச் செருகி வேலை செய்யப் பார்த்தார். உள்ளே விடவில்லை. மண்டபத்தில் வரவேற்புக்கு வைக்க வேண்டிய பெரிய படம் பிரிண்ட் ஆகாமல் நின்றது. பிரிஜா அன்று லீவு, போனும் எடுக்கவில்லை. மறுநாள் ததேயுஸ் குதித்தார்.

"பூட்டிப் போட்டுட்டு நீ வீட்டுல போயி இருந்தா நான் ஆருட்ட பிள்ளே கேக்க? எல்லாருக்கும் தொறந்து போடு. இது என்ன பேங்கா?"

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சூசையை எல்லாருக்கும் திறந்து வைத்தாள். சீசன் முடிந்ததும் மறுபடி பூட்டலாம் என்று நினைத்தாள். வாசல் திறந்திருப்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது, அவளுக்கும்தான். நினைப்பு அப்படியே தேய்ந்துபோனது. ஒரு நகல் இருக்கட்டும் என்று சூசையோடு ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருந்தாள். நகல் ஏறியதும் அதைக் கழற்றித் தனியே வைக்க யாருக்கும் நேரம் வரவில்லை.

அந்த சீசனில் அவர்கள் எடுத்த கல்யாணங்களில் ஒன்று வியாகுலம்மாளின் மகள் ஜெமியுடையது. வியாகுலம்மாள் மீன் விற்கிறவள். புருஷன் எப்போதோ இறந்துபோனார். மகன் அஜின் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவன். தங்கை கல்யாணத்தை அவன்தான் நின்று நடத்தினான். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய ஈஸ்டர் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஈஸ்டருக்கு முன்பே அஜினின் படகை ஏதோ ஒரு கப்பல் இடித்துவிட்டுப் போனது. மூன்று பேரை உயிரோடு தூக்கினார்கள். அஜினைத் தேடினார்கள், பல நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்யாண ஆல்பம் பற்றி யாரும் பேசவில்லை.

வியாகுலம்மாள் வந்தது மழை தொடங்கின பிறகு, ஒரு காலை நேரம். மீன் விற்று முடித்து, காலியான அலுமினியச் சட்டியைப் படிக்கட்டின் அடியிலேயே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவன் மைக்குல பேசினதுண்டுல்லா மக்கா. அது இருக்கா?"

இருந்தது. பிரிஜா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சூசையிலிருந்து அந்த வீடியோவை எடுத்தாள். மண்டபத்து மேடை. நீலக் கோட்டுப் போட்ட அஜின் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பேசுகிறான். "எல்லாருக்கும் நன்றி. சாப்பாட்டுல கொற இருந்தா எங்கிட்ட சொல்லாண்டாம், எங்க அம்மாட்ட சொல்லுங்க." கூட்டம் சிரிக்கிறது. அவன் பக்கவாட்டில் திரும்புகிறான். "அம்மா, ஒரு காரியம். ஜெமிய அனுப்பியாச்சு. இனி நீ மீன் சொமக்காண்டாம். வீட்டுல இரி. நான் பாத்துக்கேன்." பிறகு வெட்கப்பட்டு மைக்கை யாரிடமோ திணித்துவிட்டு இறங்குகிறான்.

ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. வியாகுலம்மாள் அழவில்லை. "ஒருக்கா கூட போடு" என்றாள்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவாள். பிரிஜாவும் அந்த நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டாள். ததேயுஸ் பார்த்தும் பாராமல் போவார். சில நாள் கீழே பேக்கரியிலிருந்து டீ சொல்லுவார். பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று பிரிஜா சொன்னபோது வியாகுலம்மாள் தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். "இதுலயா போட்டுப் பாப்பேன்? வீட்டுல வேற என்ன இருக்கு? ஜெமி போனுல போட்டா அவ பாத்துட்டுக் கெடந்து கரைவா. மாசமா இருக்கியவ. வேண்டாம். நான் இஞ்ச வந்து பாத்துக்கேன்."

ஒரு நாள் கேட்டாள், "இது எங்க இருக்கு மக்கா? இந்தப் பெட்டிக்குள்ளயா?"

"இதுல இல்ல மாமி. உள்ள அறையில ஒண்ணு இருக்கு, சூசைன்னு பேரு. அதுலதான் இருக்கு. இது அதுட்ட கேட்டு வாங்கித் தருது."

"விளிச்சா அதுக்குக் கேக்குமா?"

"பேரு சொல்லி விளிச்சா கேக்கும்."

வியாகுலம்மாள் உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

தன் போனில் அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று பிரிஜாவுக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் பின்னால் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். பேர் சொன்னால் வருகிறது, அங்கேதானே இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அவள்தான் ஸ்டூடியோவைத் திறந்தாள். அந்தோணியை ஆன் செய்து சூசையைத் தேடினாள். சூசை பதில் சொன்னது. ஃபோல்டர் திறந்தது. உள்ளே எல்லாப் படமும் முகமிழந்து வெள்ளைத் தாளாக நின்றது. ஒவ்வொரு கோப்பின் பேருக்கும் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு வால். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தோணியின் திரையிலிருந்த படங்களும் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தொடங்கின. உள்ளறைக்கு ஓடி ஸ்விட்ச்சிலிருந்து கேபிள்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கேபிள் முனையின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து கையில் குத்தியது. எல்லாம் முடிந்திருந்தது. சூசையோடு மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கதி.

எடிட்டர் பிரபின் சனிக்கிழமை ஆல்பம் டிசைன் கட்டு ஒன்றை எங்கிருந்தோ இலவசமாக இறக்கி செபஸ்தியாரில் போட்டிருந்தான். அதற்குள் இருந்தது அந்த வைரஸ். அது புதிதாக எந்த வித்தையும் செய்யவில்லை. அவள் இந்தப் பெட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்ததையே செய்தது: யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டது. எல்லாரும் பேர் சொன்னார்கள். எந்த வாசலும் பூட்டியிருக்கவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சாவிக்கு விலை சொல்லி ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு. அதைக் கொடுக்க ததேயுஸுக்கு வழியில்லை. கொடுத்தாலும் சாவி வருமென்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ததேயுஸ் முதலில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "எல்லாத்தையும் ஒண்ணா கோத்துக் கெட்டினது ஆரு? தனித்தனியா கெடந்திருந்தா ஒண்ணு போயிருக்கும். இப்ப எல்லாம் போச்சு. தொறந்து போட்டது ஆரு?"

நீங்கதானே சொன்னீங்க என்று அவள் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பிரபின் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கோட்டாறில் டேட்டா மீட்டுத் தருகிற ஒருவரிடம் சூசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு பொறுமையாகச் சொன்னாள். "கெட்டுப்போயிருந்தா கொஞ்சமாவது எடுத்துத் தந்திருப்பேன். இது ஒண்ணும் கெடல்ல. எல்லாம் முழுசா உள்ளதான் இருக்கு. திறக்கத்தான் முடியாது."

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கத்தினார்கள். ஒரு பெண்ணின் அப்பா கவுண்டர் கண்ணாடியை அடித்து உடைத்தார். கேமரா கார்டுகளை அடுத்தடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்திருந்தார்கள். ஏற்கெனவே ஆல்பம் வாங்கிப் போனவர்கள் தப்பித்தார்கள்.

வியாகுலம்மாள் வந்தபோது பிரிஜா சிஸ்டம் ரிப்பேர் என்றாள். அடுத்தமுறை ஆள் வரவேண்டும் என்றாள். அதற்கடுத்தமுறை கரண்ட் இல்லை என்றாள், தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. வியாகுலம்மாள் ஃபேனைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். அதற்குள் பிரிஜா ஜெமியிடம் பேசி, சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் தேடச் சொல்லியிருந்தாள். அஜின் பந்தியில் பரிமாறுகிற படம் கிடைத்தது. ஆடுகிற ஒரு துண்டு வீடியோ கிடைத்தது. அதில் செண்டைமேளம் மட்டும்தான் கேட்டது. அவன் மைக்கில் பேசியபோது எல்லாரும் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.

மறுபடி வந்த அன்று பிரிஜா ஸ்டூலை எடுத்துப் போட்டு, தானும் அருகில் உட்கார்ந்தாள்.

"மாமி, அது போச்சு."

"எது?"

"அஜின் பேசினது. எல்லாக் கல்யாணமும் போச்சு. வைரஸ் கேறி எல்லாத்தையும் பூட்டிட்டு."

வியாகுலம்மாள் திரையைப் பார்த்தாள். அது அணைந்திருந்தது. "விளிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் மாமி. சூசை கேக்குது. ஆனா தர முடியல்ல."

"திருவனந்தபுரத்துல கொண்டு காட்டினா?"

"காட்டியாச்சு."

"கிட்டாதா இனி?"

"கிட்டாது மாமி."

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம். வியாகுலம்மாள் சேலைத் தலைப்பை மடியில் இழுத்து விட்டுக்கொண்டாள். கடலிலிருந்து வந்து சொன்னவர்களிடமும் அவள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பாள் என்று பிரிஜாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"நீ எத்தன தடவ கேட்டிருக்கே. அவன் சொன்னது உனக்கு மறந்திருக்காதுல்லா. சொல்லு மக்கா."

பிரிஜா சொன்னாள். "எல்லாருக்கும் நன்றி. சாப்பாட்டுல கொற இருந்தா..." அவன் நிறுத்தின இடத்தில் நிறுத்தினாள். கூட்டம் சிரிக்கிற இடத்தில் விட்டுக் காத்திருந்தாள். அவளையறியாமல் அவன் இழுத்த மாதிரியே இழுத்தாள். "அம்மா, ஒரு காரியம். ஜெமிய அனுப்பியாச்சு. இனி நீ..."

வியாகுலம்மாள் கையை நீட்டி அவள் முழங்காலைப் பிடித்தாள். "போதும். வேண்டாம். அது உன் சத்தம் மக்கா."

எழுந்து போனாள். கீழே சட்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த மாடிக்கு அவள் வரவில்லை.

பிரிஜாவை யாரும் போகச் சொல்லவில்லை. எல்லாப் பெட்டியையும் துடைத்து அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று ததேயுஸ் முடிவு செய்த அன்று, அவள் ஒன்று மட்டும் கேட்டாள்: ஜெமி கல்யாணத்தைப் பூட்டினபடியே தன் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "எதுக்கு பிள்ளே, ஒண்ணுக்கும் ஆவாததை?" என்றார் அவர். எடுத்துக்கொள் என்றும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அவளே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஷிஜின் போனில், "படந்தானே பிரிஜா. நீ என்ன கொலையா செஞ்சே?" என்றான். அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். லைன் போய்விட்டது என்று நினைத்து அவன் வைத்துவிட்டான்.

இப்போது தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிறாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. போன வருஷம் இரண்டாவதை வாங்கினபோது, இரண்டையும் இணைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். செய்தாள். கடவுச்சொல் போட்டாள். நகல் எடுக்கிற டிஸ்க்கைத் தினமும் கழற்றி அலமாரியில் வைக்கப் பழக்கினாள். அவர்கள் பாராட்டினார்கள். புதிய கம்ப்யூட்டரின் திரையில் பழையதன் பேர் தோன்றியபோது, கடவுச்சொல் கேட்கிறதா என்று இன்னொருமுறை சோதித்தாள். மகிழ்ச்சி எதுவும் வரவில்லை.

பூட்டிக் கிடக்கிற டிஸ்க் அவள் வீட்டு பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. இப்படிப்பட்ட கும்பல்கள் எப்போதாவது பிடிபட்டால் சாவிகள் வெளியே வருவதுண்டு என்று திருவனந்தபுரத்துப் பெண் சொல்லியிருந்தாள். அந்தச் சாவிகளை வெளியிடுகிற ஒரு இணையதளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனில் அதைத் திறந்து, தன் கோப்புகளில் ஒட்டியிருக்கிற அந்த வாலின் பேரைத் தேடுவாள். வேறு எத்தனையோ பேர் இருக்கும். இது இருக்காது. இதைப் பற்றி ஜெமியிடமோ வியாகுலம்மாளிடமோ அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை கிடைக்காது என்று சொல்லக் கேட்டவளிடம், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சென்ற மாதம் மாமியார் மீன் வாங்கி வரச் சொல்லி, பிரிஜா குளச்சல் சந்தைக்குப் போனாள். வரிசையில் இரண்டாவதாக வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று பிரிஜா நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இப்ப எங்க இருக்கே?"

"தக்கலையில மாமி. ஜெமி நல்லா இருக்காளா?"

"பெண்பிள்ள. நடக்குது." வியாகுலம்மாள் சாளையை அள்ளி, கேட்டதற்கு மேலே ஒரு கை கூடப் போட்டாள். "வெயிலுல நிக்காத. வீட்டுக்குப் போ."

பிரிஜா பையை வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்ற ஆள் விலை கேட்கத் தொடங்கியிருந்தார். வியாகுலம்மாள் அவரிடம் திரும்பிவிட்டாள்.